வானியல் புகைப்படப் போட்டிகள்: எதற்கு மதிப்பு, எதற்கு அனுப்பலாம், என்னென்ன தயாராக வேண்டும்

வானத்தைப் படம் பிடிக்கத் தொடங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்: இந்தப் படத்தைப் போட்டிக்கு அனுப்பலாமா? அனுப்பினால் எந்தப் போட்டிக்கு? இணையத்தில் தேடினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்லாப் போட்டியும் தன்னை உலகப் புகழ் பெற்றது என்றுதான் சொல்லிக்கொள்கிறது. எல்லாவற்றிலும் ஒரு கோப்பை, ஒரு சான்றிதழ், ஒரு தங்க முத்திரை. அவற்றில் எது உண்மையிலேயே கனமானது என்று விதிமுறைப் பக்கத்தைப் படித்தவுடன் தெரிந்துவிடாது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகு படித்தால்தான் தெரியும்.

நான் விதிமுறைகளை வரிவரியாகப் படித்து, சிலவற்றுக்குப் பணம் கட்டி, பலவற்றிலிருந்து பதிலே வராமல் ஒரு சுற்று வந்தாயிற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கேமராவும் தொலைநோக்கியும் எப்படி வாங்குவது என்பதெல்லாம் இதில் இல்லை. கையில் நல்ல படம் ஒன்று இருக்கிறது என்ற இடத்திலிருந்து தொடங்குவோம்.

1. யார் கண்ணில் மதிப்பு வேண்டும்?

போட்டிகளை ஒரே ஏணியில் மேலிருந்து கீழாக அடுக்க முடியாது. குறைந்தது நான்கு கூட்டங்கள் இருக்கின்றன, ஒரு கூட்டம் கொண்டாடுவதை இன்னொரு கூட்டம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாது.

பொதுமக்களும் பத்திரிகைகளும் கவனிப்பது ஒரு பட்டியல். இரவெல்லாம் விழித்துப் படம் எடுக்கும் சக ஆர்வலர்கள் மதிப்பது வேறொன்று. கலைக்கூடங்களும் புகைப்படத் தொழிலில் இருப்பவர்களும் பார்ப்பது மூன்றாவது. வானியல் கற்பிப்பவர்களும் ஆய்வு நிறுவனங்களும் எடுத்துப் பயன்படுத்துவது நான்காவது.

உங்களுக்கு எது தேவை என்று ஒரு வரியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். படங்களை அச்சிட்டு விற்கப்போகிறீர்கள் என்றால் முதலாவதும் மூன்றாவதும். நுட்பத்தில் தேறிவிட்டேனா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இரண்டாவது. இந்த வரியை எழுதாமல் போட்டிப் பட்டியலைத் திறந்தால் பரிசுத் தொகை பெரிதாக இருக்கும் பக்கமாகவே மனம் ஓடும், செலவும் அங்கேதான் கூடும்.

2. விதிமுறைப் பக்கத்தில் தேட வேண்டிய ஐந்து விஷயங்கள்

முதலில் நடுவர்கள். பெயரும் பணியும் வெளிப்படையாக இருக்கிறதா? வானியலாளர், அனுபவமுள்ள வானியல் புகைப்படக்காரர், படங்களைத் தேர்ந்தெடுத்துப் பழகிய ஆசிரியர் அல்லது காட்சிப் பொறுப்பாளர் என்று கலவையாக இருந்தால் நல்ல அறிகுறி. ‘நிபுணர் குழு’ என்று மட்டும் போட்டிருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். நிலப்பரப்புப் புகைப்படக்காரர்கள் மட்டுமே நடுவர்களாக இருக்கும் இடத்தில் உங்கள் நெபுலா (விண்வெளி வாயு, தூசு மேகம்) படம் எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தது என்பது யாருக்கும் புரியாது. பால்வெளியும் மலையும் சேர்ந்த படத்துக்கு அதே நடுவர்கள் பொருத்தமானவர்கள்.

இரண்டாவது, நடத்துபவர் யார். வானாய்வகம், அருங்காட்சியகம், வானியல் சங்கம், ஆய்வு நிறுவனம் நடத்தினால் அவர்களுக்குப் போட்டிக்கு வெளியேயும் ஒரு பெயர் இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். போட்டி நடத்துவது மட்டுமே தொழிலாகக் கொண்ட நிறுவனம் என்றால் அதன் வருமானம் நுழைவுக் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். அது குற்றமில்லை. ஆனால் எத்தனை பேருக்குப் பரிசு கொடுத்தால் அடுத்த ஆண்டும் அவர்கள் வருவார்கள் என்ற கணக்கு அங்கே ஓடும்.

அதனால் மூன்றாவது கேள்வி: வந்த படங்களில் எத்தனைக்கு அங்கீகாரம்? எனக்கு இதுதான் முக்கியமான அளவுகோல். லண்டனின் கிரீனிச் வானாய்வகம் நடத்தும் போட்டிக்கு 2023இல் 4,000க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. பெரியவர்களுக்கான எட்டுப் பிரிவுகளிலும் பிரிவுக்கு மூன்று இடம்; இளையோர் பிரிவையும் சிறப்புப் பரிசுகளையும் சேர்த்தாலும் மொத்தம் முப்பது சொச்சம்தான். நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. அதற்கு எதிர்முனையில், ஒரு பிரிவுக்கே தங்கம், வெள்ளி, வெண்கலம், அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான ‘சிறப்புப் பாராட்டு’கள் அள்ளித் தரும் போட்டிகளும் இருக்கின்றன. சென்ற ஆண்டின் முடிவுப் பக்கத்தைத் திறந்து பெயர்களை எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்க முடியவில்லை என்றால் அந்தப் பட்டத்துக்கு எடை இல்லை.

நான்காவது, ஆதாரம் கேட்கிறார்களா? இறுதிச் சுற்றில் மூலக் கோப்புகளைக் கேட்கும் போட்டி, கேட்காத போட்டியைவிட எப்போதும் ஒரு படி மேல்.

ஐந்தாவது, முடிவு வந்த பிறகு படம் எங்கே போகிறது. சுவரில் தொங்கும் காட்சி, அச்சுப் புத்தகம், செய்தி நிறுவனங்களுக்கு அனுப்பும் தொகுப்பு என்று ஏதாவது இருக்க வேண்டும். போட்டியின் பெயரைச் செய்தித் தளங்களில் தேடிப் பாருங்கள். வருவதெல்லாம் அந்த நிறுவனமே வெளியிட்ட அறிவிப்புகள் மட்டும்தான் என்றால் விஷயம் புரிந்துவிடும்.

3. பெயர் பெற்ற இடங்கள், என் கணக்கில்

இது என் தனிப்பட்ட வரிசை. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

பொதுமக்கள் கண்ணில் முதலிடம், சந்தேகமே இல்லாமல், ராயல் அப்சர்வேட்டரி கிரீனிச் நடத்தும் ‘அஸ்ட்ரானமி போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்’. 2009இல் தொடங்கியது. ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு 10,000 பவுண்ட். தேர்வான படங்கள் லண்டன் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்படும், புத்தகமாகவும் வரும். ஒரே நுழைவில் பத்துப் படம் வரை அனுப்பலாம். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. முன்னாலே ஒட்டிக்கொள்ளும் விளம்பரதாரர் பெயர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், அதைப் பார்த்து வேறு போட்டி என்று குழம்ப வேண்டாம்.

புதியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. சர் பேட்ரிக் மூர் பெயரில் சிறந்த புதுமுகத்துக்கு ஒரு பரிசு இருக்கிறது. கடந்த ஓராண்டுக்குள் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கியவர்களுக்கு, அதுவும் முன்பு அந்தப் போட்டியில் கலந்துகொள்ளாதவர்களுக்கு மட்டும். சும்மா அனுப்பிப் பார்ப்போமே என்று அரைகுறைப் படத்தை அனுப்பினால் அந்த வாய்ப்பு போய்விடும். ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், பார்த்துச் செலவழியுங்கள்.

இதற்கு இணையாக, சில நேரம் மேலாகவே நான் வைப்பது ஒரு போட்டியே அல்ல: நாசாவின் ‘அஸ்ட்ரானமி பிக்சர் ஆஃப் தி டே’, எல்லோரும் ஏபாட் என்று சொல்வது. 1995 ஜூன் 16இலிருந்து நாளொன்றுக்கு ஒரு படம். ராபர்ட் நெமிராஃப், ஜெர்ரி போனல் என்ற இரண்டு வானியலாளர்கள் தொடங்கி நடத்திவருவது. கட்டணம் இல்லை, பரிசுப் பணமும் இல்லை. ஆண்டுக்கு 365 இடம் என்றதும் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். ஹபிள், ஜேம்ஸ் வெப் படங்களோடும் விண்கலப் படங்களோடும் அதே இடத்துக்குத்தான் நீங்களும் வரிசையில் நிற்கிறீர்கள். அழகு மட்டும் அங்கே போதாது. படத்தின் கீழே ஒரு பத்தி விளக்கம் எழுதுவார்கள், அந்தப் பத்தியில் சொல்வதற்குப் படத்தில் ஏதாவது இருக்க வேண்டும். வால்மீனின் வால் அறுந்து போவது, அரிதான ஒளிவட்டம், சின்ன நட்சத்திரம் ஒன்றைச் சுற்றி யாரும் அதிகம் காட்டாத தூசு மண்டலம், இப்படி. ஆர்வலர்கள் மத்தியில் ‘ஏபாட் வந்திருக்கிறது’ என்று சொன்னால் வேறு விளக்கம் தேவையில்லை.

சக கலைஞர்கள் மட்டுமே மதிப்பதில் உச்சம், வானியல் படங்களைப் பகிரும் ஆஸ்ட்ரோபின் தளத்தின் ‘இமேஜ் ஆஃப் தி டே’. படத்தை முன்மொழிபவர்கள், மறுபரிசீலனை செய்பவர்கள், நடுவர்கள் என்று மூன்று அடுக்கு. முதல் அடுக்கைத் தாண்டினால் ஒரு குறி, இரண்டாவதைத் தாண்டினால் இன்னொன்று, கடைசியில்தான் அன்றைய படம். உங்கள் உறவினர்களிடம் சொன்னால் யாருக்கும் புரியாது. ஆனால் இந்த மூன்று அடுக்கில் எங்கே நின்றீர்கள் என்பது உங்கள் நுட்பம் எந்த அளவில் இருக்கிறது என்பதை எந்தச் சான்றிதழையும்விட நேர்மையாகச் சொல்லும். ஆழ்வான் படம், அதாவது நெபுலா, விண்மீன் மண்டலம் போன்ற தொலைதூரப் பொருள்களின் படம் எடுப்பவர்கள் பணம் கட்டும் போட்டிகளுக்கு முன்னால் இதில் ஓராண்டு புழங்குவது நல்லது.

நிலமும் வானமும் சேர்ந்த படம் எடுப்பவர்களுக்கு இரண்டு இடம். பாபக் தஃப்ரெஷி என்ற புகைப்படக்காரர் தொடங்கிய ‘தி வேர்ல்ட் அட் நைட்’ அமைப்பு நடத்தும் ‘புவியும் வானும்’ (எர்த் அண்ட் ஸ்கை) என்ற சர்வதேசப் போட்டி ஒன்று. ஒளிமாசு பற்றிய அக்கறை அதில் அடிநாதம். வேறு இடத்து வானத்தை வெட்டி ஒட்டிய படத்துக்கு அங்கே இடமில்லை. இன்னொன்று, கேப்சர் தி அட்லஸ் என்ற புகைப்படத் தளம் ஆண்டுதோறும் மே மாதக் கடைசியை ஒட்டி வெளியிடும் ‘மில்கி வே போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்’. பெயர் அப்படி இருந்தாலும் உள்ளபடி இது 25 படங்களின் தொகுப்பு, முதல் இடம் இரண்டாம் இடம் கிடையாது. செய்தித் தளங்கள் அதை ஆண்டுதோறும் எடுத்துப் போடுவதால் படத்தைப் பார்க்கும் கண்கள் அதிகம். அதே இடத்தில் துருவ ஒளிக்கும் தனித் தொகுப்பு வரும்.

கல்விப் பக்கம் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வானியல் கல்வி அலுவலகம் நடத்தும் போட்டி. 2021இல் தொடங்கியது, இலவசம். வென்ற படங்கள் ஆசிரியர்கள் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் வரும். அந்த உரிமம் பற்றி ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன்.

வசிக்கும் நாட்டைப் பொறுத்தும் சில நல்ல போட்டிகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் டேவிட் மாலின் விருதுகள் அப்படிப்பட்டவை. உள்நாட்டுப் போட்டி என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். வானியல் சங்கங்கள் நடத்துபவற்றில் நடுவர் குழு பெரும்பாலும் தரமாக இருக்கும், கூட்டமும் குறைவு.

பொதுவான புகைப்படப் போட்டிகளில் சோனி வேர்ல்ட் போட்டோகிராபி அவார்ட்ஸ் இலவசம், பெயரும் பெரிது. ஆனால் அங்கே உங்கள் படம் திருமணப் படத்தோடும் புலிப் படத்தோடும் மோத வேண்டும். தூய ஆழ்வான் படங்களை அங்கே அனுப்புவது எனக்கு வீண் வேலையாகவே படுகிறது.

4. கட்டணம்: எது நியாயம், எது வலை

ஒரு நுழைவுக்கு ஒரே கட்டணம், அதில் பல படங்கள் என்பது நியாயமான முறை. படத்துக்குப் படம், பிரிவுக்குப் பிரிவு கட்டணம் என்றால் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். ஐந்து படம், இரண்டு பிரிவு என்றால் பத்துக் கட்டணம். ‘இன்றோடு தள்ளுபடி முடிகிறது’ என்று வாரத்துக்கு மூன்று மின்னஞ்சல் வரும். கடைசித் தேதியும் ‘பலரின் வேண்டுகோளுக்கிணங்க’ தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். தேதி இரண்டாவது முறை தள்ளிப்போகும் போட்டியை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

உண்மையான வலை வென்ற பிறகுதான். வாழ்த்து மின்னஞ்சலிலேயே இணைப்பு இருக்கும்: கோப்பை இவ்வளவு, சட்டமிட்ட சான்றிதழ் இவ்வளவு, ஆண்டு மலரில் உங்கள் பக்கம் இவ்வளவு. எனக்கு வந்த ஒன்றில் கோப்பையின் விலை நுழைவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. பரிசு கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கே வாடிக்கையாளர் நீங்கள்தான். கட்டாயமில்லை என்று எழுதியிருப்பார்கள், கட்டாமல் விடுங்கள்.

நுழைவுக் கட்டணத்தோடு இன்னும் இரண்டு செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அயல்நாட்டு நாணயத்தில் கட்டும்போது வங்கி பிடிக்கும் மாற்றுக் கட்டணம், அட்டை நிறுவனம் பிடிக்கும் கூடுதல் தொகை. சிறிய கட்டணங்களில் இவை கட்டணத்துக்குச் சமமாகக்கூட வந்து நிற்கும். ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கி அதைத் தாண்டாமல் இருங்கள். இலவசமான, கடினமான இடங்களுக்கு முதலில் அனுப்புவது என் வழக்கம். அங்கே தேறாத படத்துக்குப் பணம் கட்ட மனம் வராது, அதுவே நல்ல வடிகட்டி.

5. உரிமை விதிகளை எப்படிப் படிப்பது

விதிமுறையில் உரிமை, உரிமம், பயன்பாடு என்ற சொற்கள் வரும் பத்திகளை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். காப்புரிமை புகைப்படக்காரரிடமே இருக்கும் என்ற வரி இருக்க வேண்டும். பிறகு அவர்கள் எடுத்துக்கொள்ளும் அனுமதி எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று பாருங்கள். போட்டி, காட்சி, புத்தகம், விளம்பரம் ஆகியவற்றுக்காக என்று வரையறை இருந்தால் சரி. ‘எந்த நோக்கத்துக்கும், நிரந்தரமாக, மூன்றாம் தரப்புக்கு மாற்றித் தரும் உரிமையோடு’ என்று இருந்தால் அவர்கள் சேர்ப்பது விற்பனைக்கான படக் கிடங்கு.

அதைவிட முக்கியம், அந்த அனுமதி வெற்றி பெற்றவற்றுக்கு மட்டுமா, அனுப்பிய எல்லாப் படத்துக்குமா என்பது. தோற்ற படத்துக்கும் உரிமை கேட்கும் போட்டிக்கு ஒன்றும் அனுப்பாதீர்கள்.

திறந்த உரிமம் வேறு விஷயம். கல்விக்கான போட்டிகளில் உங்கள் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் படம் வெளியாகும். இது நேர்மையான ஏற்பாடு. ஆனால் ஒருமுறை அப்படி வெளிவந்தால் திரும்பப் பெற முடியாது. அச்சுப் பிரதி விற்க நினைக்கும் படத்தை விட்டுவிட்டு வேறொன்றை அனுப்புங்கள்.

‘முன்பு வேறெங்கும் வெளிவந்திருக்கக் கூடாது’, ‘வேறு பெரிய போட்டியில் வென்றிருக்கக் கூடாது’ என்ற விதிகளும் உண்டு. சமூக ஊடகத்தில் போட்டது வெளியீடாகுமா என்பதைப் போட்டிக்குப் போட்டி வேறுவேறாகப் பார்க்கிறார்கள். தெளிவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டுவிட்டு அந்தப் பதிலைச் சேமித்துவையுங்கள்.

6. ஆவணக் கோப்புறை: படம் எடுத்த அன்றே தொடங்க வேண்டியது

கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காதவை இவை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புறை போட்டு இதையெல்லாம் உள்ளே தள்ளிவிடுங்கள்.

மூலக் கோப்புகள் முதலில். சாதாரணக் கேமரா என்றால் ரா கோப்புகள், வானியல் கேமரா என்றால் ஃபிட்ஸ் கோப்புகள். ஸ்டாக் செய்து (பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்கி) முடித்ததும் வட்டில் இடம் இல்லை என்று அந்தத் தனித்தனிப் படங்களை அழிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. போட்டிக்குப் போகக்கூடிய படம் என்றால் அழிக்காதீர்கள். எல்லாவற்றையும் வைக்க முடியாவிட்டால் ஒவ்வொரு இரவிலிருந்தும் ஒவ்வொரு ஃபில்டரிலிருந்தும் சிலவற்றையாவது, ஸ்டாக் ஆன மாஸ்டர் கோப்புகளோடு வையுங்கள். ஒற்றை எக்ஸ்போஷர் நிலக்காட்சி என்றால் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் சேர்த்து. சந்தேகம் வரும்போது நடுவர்கள் கேட்பது அதைத்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் வென்ற ஓர் இரவுப் படத்தின் பரிசு 2018இல் பறிக்கப்பட்டது. நட்சத்திர வானத்தின் கீழே ஒளிரும் கரையான் புற்று, பக்கத்தில் எறும்புத்தின்னி. அந்த விலங்கு பாடம் செய்யப்பட்ட உடல் என்று நிபுணர்கள் முடிவு செய்தார்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்கள் என்று கொடுக்கப்பட்டவற்றில் எறும்புத்தின்னியே இல்லை.

அடுத்தது எடுத்த விவரம். தேதி, இடம், தொலைநோக்கி அல்லது லென்ஸ், கேமரா, மவுண்ட், ஒவ்வொரு ஃபில்டரிலும் எத்தனை நொடியில் எத்தனை படம், மொத்த மணி நேரம். இதை ஒரு எளிய உரைக் கோப்பில் அன்றே தட்டிவைத்தால் எல்லா விண்ணப்பத்திலும் ஒட்டிவிடலாம்.

எடிட்டிங் வரிசை அதற்கு அடுத்து. பிக்ஸ்இன்சைட் என்ற வானியல் பட மென்பொருளில் செய்பவர்கள் திட்டக் கோப்பை அப்படியே சேமியுங்கள், வரலாறு உள்ளே இருக்கும். ஃபோட்டோஷாப் என்றால் அடுக்குகளோடு ஒரு பிரதி.

பிறகு சம்மதக் கடிதங்கள். படத்தில் அடையாளம் தெரியும் மனிதர் இருந்தால் அவர் கையெழுத்து, சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. தனியார் நிலம், தொல்லியல் இடம், ட்ரோன் எதுவாக இருந்தாலும் அனுமதிச் சீட்டின் நகல். குழுவாக எடுத்த படம் என்றால் எல்லோருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலும், பரிசுப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதும். பணம் வருவதற்கு முன்னாலேயே இதைப் பேசிவிடுங்கள், நட்பு தப்பும்.

வாடகைக்குத் தொலைநோக்கி எடுத்துத் தொலைவிலிருந்து இயக்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தரவை யார் எடுத்தது என்பதில் போட்டிகள் கண்டிப்பானவை. சிலர் வாடகைக் கருவியை ஏற்பார்கள், ஆனால் பலருக்கும் ஒரே தரவை விற்கும் சேவையிலிருந்து வந்தால் ஏற்க மாட்டார்கள். ஆய்வகங்கள் வெளியிட்ட திறந்த தரவைச் செயலாக்கியவர்களுக்குக் கிரீனிச் போட்டியில் ஆனி மாண்டர் என்ற வானியலாளர் பெயரிலான தனிப் பரிசு இருக்கிறது. அந்த வகைப் படத்தை மற்றப் பிரிவில் போட்டுத் தகுதி இழக்காதீர்கள்.

7. ஏஐ, ஒட்டுப்படம், எல்லைக்கோடு

ஸ்டாக்கிங், மொசைக் (பக்கம் பக்கமாக எடுத்த படங்களை இணைப்பது), தனித்தனி எக்ஸ்போஷரில் நிலமும் வானமும் எடுத்துச் சேர்ப்பது ஆகியவை வானியல் புகைப்படத்தில் வழக்கமான வேலை. பெரும்பாலான போட்டிகள் ஏற்கின்றன, சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் கேட்கின்றன. வேறு இடத்து வானம், வேறு குவியத் தூரத்தில் எடுத்துப் பெரிதாக்கிய நிலா போன்றவை வந்தால்தான் சிக்கல். அதை ஏற்கும் பிரிவு எங்காவது இருக்கலாம், ஆனால் விளக்கக் குறிப்பில் மறைத்துவிட்டு அனுப்புவது தற்கொலை.

இரைச்சல் நீக்கவும் நட்சத்திரங்களைப் பிரிக்கவும் நரம்புப் பின்னல் (நியூரல் நெட்வொர்க்) கருவிகள் இப்போது எல்லோர் கணினியிலும் இருக்கின்றன. இவற்றையும், சொல்லைக் கொடுத்தால் படத்தை உருவாக்கித் தரும் ஏஐயையும் விதிமுறைகள் பொதுவாகப் பிரித்துப் பார்க்கின்றன. பின்னது எங்கும் செல்லாது. 2023இல் சோனி போட்டியின் ஒரு பிரிவில் வென்றவர் தன் படம் ஏஐ உருவாக்கியது என்று தானே சொல்லிப் பரிசை மறுத்தார். அதன் பிறகு இந்தப் பத்திகள் எல்லா இடத்திலும் கூடியிருக்கின்றன. முன்னது பற்றி உங்கள் விதிமுறை என்ன சொல்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் படியுங்கள். சென்ற ஆண்டுப் பக்கத்தை நம்ப வேண்டாம்.

8. எந்தப் படத்தை அனுப்புவது?

நாலாயிரம் படங்கள், படத்துக்குப் பத்து நொடி என்று வைத்தாலே பதினொரு மணி நேரம். அந்தப் பத்து நொடியில் திரையில் சின்னதாகத் தெரியும்போதே உங்கள் படம் பேச வேண்டும். பக்கத்தில் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும் நுணுக்கம் இரண்டாம் சுற்றில் உதவும், முதல் சுற்றில் உதவாது.

கிரீனிச்சில் 2019 முதல் 2025 வரை ஒட்டுமொத்தமாக வென்ற ஏழு படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மூன்று ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம், மூன்று கிரகணம், ஒரு வால்மீன். ஆண்ட்ரோமெடா புதிதாகத் தொலைநோக்கி வாங்கிய எல்லோரும் முதல் வாரத்திலேயே எடுக்கும் பொருள். ஆனால் 2020இல் வென்ற நிக்கோலா லெஃபோடோ, முப்பரிமாண அச்சில் செய்த ஒரு பாகத்தால் கேமராவைச் சாய்த்து, ஓரங்கள் மங்கலாகி அந்த விண்மீன் மண்டலம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலக் காட்டினார். 2023இல் வென்ற மூவர் குழு அதே ஆண்ட்ரோமெடாவுக்குப் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்திராத ஆக்சிஜன் வளைவு ஒன்றைக் கண்டுபிடித்தது. 2025 படம் அதன் மையப் பகுதிக்குள் மட்டும் நுழைந்தது. எல்லோரும் எடுத்த பொருள் என்பதற்காக விலக்க வேண்டியதில்லை. உங்கள் படத்தில் மட்டும் இருப்பது என்ன என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

கிரகணமும் வால்மீனும் வேறு கதை. 2022இல் வென்ற கெரால்ட் ரேமன் படம், லியோனார்ட் வால்மீனின் வாயு வாலில் ஒரு துண்டு பிய்ந்து போவதை 2021 டிசம்பர் 25 அன்று நமீபியாவிலிருந்து பிடித்தது. மறுநாள் எடுத்திருந்தால் அதே காட்சி கிடைத்திருக்காது. அரிய நிகழ்வு வரும் ஆண்டில் அந்தப் பிரிவில் கூட்டமும் அதிகமாக வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பத்துப் படம் அனுப்பலாம் என்றால் பத்தும் அனுப்ப வேண்டும் என்று அர்த்தமில்லை. இரண்டு மூன்று போதும். ஒரே நெபுலாவின் மூன்று வண்ணப் பதிப்புகளை அனுப்புபவர்கள் தங்கள் படத்தோடு தாங்களே போட்டியிடுகிறார்கள்.

9. கோப்பு அளவு

முதல் சுற்றுக்குச் சின்ன ஜேபெக் போதும், எஸ்ஆர்ஜிபி வண்ண வெளியில். கையெழுத்தும் வாட்டர்மார்க்கும் கூடாது. இறுதிப்பட்டியலுக்கு வந்தால்தான் அச்சுத் தரம் கேட்பார்கள், அங்கே பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 60 செ.மீ. நீளம் அச்சிட ஏறக்குறைய 7,090 பிக்சல் வேண்டும். 6,000 பிக்சல் அகலமுள்ள 24 மெகாபிக்சல் கேமரா 51 செ.மீ. வரை தரும். 3,008 பிக்சல் சதுர சென்சார் 25 செ.மீ.யோடு நின்றுவிடும். கோள் படங்களில் நிலைமை இன்னும் இறுக்கம்: பிக்சலுக்கு 0.1 விகலை (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஒரு விகலை) என்ற அளவில் எடுத்த 50 விகலை வியாழன் 500 பிக்சல்தான், 300 டிபிஐயில் நாலு செ.மீ. சொச்சம். கோள் பிரிவில் நடுவர்களுக்கும் இது தெரியும், பயப்பட வேண்டாம். ஆனால் மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி அனுப்பாதீர்கள். கேட்டால் அவர்களே செய்துகொள்வார்கள்.

10. நாட்காட்டி

கிரீனிச் போட்டி வழக்கமாக ஜனவரியில் திறந்து மார்ச் தொடக்கத்தில் மூடும், முடிவு செப்டம்பரில். அதாவது அனுப்பிய பிறகு அரை ஆண்டு காத்திருப்பு. ஜனவரிக்குள் படம் முடிந்திருக்க வேண்டும் என்றால் எடிட்டிங்கை டிசம்பரில் நிறுத்துங்கள். ஒரு மாதம் பார்க்காமல் வைத்திருந்து திரும்பப் பார்த்தால் வண்ணத்தில் செய்த அதிகப்பிரசங்கித்தனமெல்லாம் தெரியும்.

படம் எந்தத் தேதிக்குப் பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும் என்ற வரியைத் தவறவிடாதீர்கள். பல இரவுகளில் சேர்த்த படம் என்றால் முதல் இரவும் அந்தத் தேதிக்குப் பிறகுதானா என்று பாருங்கள். கடைசி நேரம் எந்த நாட்டு நேரத்தில் என்பதையும் உங்கள் நேரத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். கடைசி இரவில் தளங்கள் திணறும், இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுவது நிம்மதி.

11. அனுப்பிய பிறகு

போட்டி நடத்துபவரின் மின்னஞ்சல் முகவரியை உங்கள் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இறுதிப்பட்டியல் கடிதம் ஸ்பேம் கோப்புறைக்குள் போய்விழுவது சகஜம். அதில் உயர்தரக் கோப்பும் மூலக் கோப்பும் கேட்டு ஒன்றிரண்டு வாரமே அவகாசம் தருவார்கள். பயணத்தில் இருந்தால்கூட அனுப்பும்படி அந்தக் கோப்புறையை இணையச் சேமிப்பிலும் வைத்திருங்கள்.

தேர்வானது தெரிந்ததும் எங்கும் சொல்லாதீர்கள். அறிவிப்புத் தேதி வரை ரகசியம் காக்க வேண்டும் என்பது பெரிய போட்டிகளில் எழுதப்பட்ட விதி. நண்பர் குழுவில் போட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், இடம் பறிபோகும்.

பரிசுப் பணம் வருகிறதென்றால் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, கணக்கில் உள்ள பெயர், அடையாள ஆவணம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பெயர் விண்ணப்பத்திலும் வங்கியிலும் ஒரே மாதிரி இருக்கட்டும், முன்னெழுத்து உட்பட; இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போகும். அனுப்பும் நாட்டில் வரி பிடிக்கலாம், உங்கள் நாட்டிலும் வருமானமாகக் காட்ட வேண்டியிருக்கலாம். விழாவுக்கு அழைத்தால் பயணச் செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள், பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும். விசா தேவைப்பட்டால் அழைப்புக் கடிதத்தை அன்றே கேட்டு வாங்குங்கள்.

பட்டத்தை எழுதும்போது போட்டி கொடுத்த சொல்லையே எழுதுங்கள். இறுதிப்பட்டியலில் இருந்தவர் வெற்றியாளர் என்று போட்டுக்கொண்டால் இந்தச் சின்ன வட்டத்தில் யாராவது முடிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவார்கள். போட்டியின் பெயர், ஆண்டு, பிரிவு, கிடைத்த இடம், இந்த நான்கும் ஒரே வரியில் இருந்தால் போதும்.